பொறியியல் படிப்பில் வரும் மேலாண்மை, நிதிப் பாடத்தில் தேறுவது எப்படி?

கேள்வி: அல்சூர் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூருவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் ஆறாம் செமஸ்டர் படிக்கிறேன். இந்தச் செமஸ்டரில் மேலாண்மை, நிதி, தொழில்முனைவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பாடமாக வைத்திருக்கிறார்கள். வெப்ப இயக்கவியலிலும் இயந்திர வடிவமைப்பிலும் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. ஆனால் இந்தப் பாடத்தின் முதல் இன்டர்னல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் விளங்கவில்லை.

ஒரு கேள்வியை இங்கே தருகிறேன். ஒரு பட்டறை 20 லட்சம் ரூபாய்க்கு சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு) இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறது. அதனால் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குச் செலவு மிச்சமாகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் இயந்திரத்துக்கு மதிப்பு எதுவும் இருக்காது. மூலதனச் செலவு, அதாவது போடும் பணத்துக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, 12 சதவீதம். உரிமையாளருக்கு உங்கள் ஆலோசனை என்ன? நான் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது வருங்கால மிச்சங்களின் இன்றைய மதிப்பிலிருந்து இயந்திர விலையைக் கழித்த தொகையைக் கணக்கிட்டு, 1.63 லட்சம் ரூபாய் என்று எழுதி, விடையின் அடியில் இரண்டு கோடு போட்டு முடித்தேன். பத்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் "கணக்கு சரி. அப்புறம்?" என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம் என்ன எழுத வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. பதினோராம் வகுப்பிலிருந்து கணிதமும் அறிவியலும் மட்டுமே படித்ததால் கணக்குப்பதிவியல் எனக்கு முற்றிலும் புதிது; அதை எங்கிருந்து தொடங்குவது? மேலும், நான்கு பேர் சேர்ந்து ஒரு தொழில் திட்டம் தயாரிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஓர் உணரியை எடுத்திருக்கிறோம். கருவி கிட்டத்தட்ட தயார். திட்டத்தைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேஸ் ஸ்டடி கேள்விகளையும் எப்படி அணுகுவது என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கரும்பலகை

இந்தப் பாடத்தைப் பொறியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு வராமல் போன ஆறு மதிப்பெண்களும் அந்த "அப்புறம்?" என்ற கேள்விக்குள்தான் இருக்கின்றன.

மற்றப் பாடங்களில் கேள்வியில் தரப்படும் எண்களை அப்படியே நம்பி விடையைத் தேடுகிறீர்கள். அது சரியும்கூட, ஏனெனில் எஃகின் மீள்தன்மைக் குணகம் சந்தை நிலவரத்தைப் பார்த்து மாறுவதில்லை. இந்தப் பாடத்திலோ கேள்வியில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. இயந்திரத்தின் விலை 20 லட்சம் என்பது விற்பவரின் விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்கும் தொகை. ஆண்டுக்கு 6 லட்சம் மிச்சமாகும் என்பது யாரோ ஒருவருடைய எதிர்பார்ப்பு. பெரும்பாலும் இயந்திரத்தை விற்க வந்தவருடைய எதிர்பார்ப்பு. ஆகவே விடையை எழுதிய பிறகு, இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தவறினால் என் முடிவு தலைகீழாகும் என்ற கேள்வியை நீங்களே எழுப்பி, நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

அதைக் கணக்கிடுவது உங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். 12 சதவீதத்தில் ஐந்து ஆண்டுகளுக்கான ஆண்டுத்தொகைக் காரணி, அதாவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் வரும் தொகையின் இன்றைய மதிப்பு, 3.605. 20 லட்சத்தை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 5.55 லட்சம் வரும். அதாவது, ஆண்டு மிச்சம் 6 லட்சத்திலிருந்து 45,000 ரூபாய் குறைந்தாலே இந்த முதலீட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஏழரை சதவீதச் சறுக்கலைக்கூடத் தாங்காத ஒரு திட்டத்துக்கு "1.63 லட்சம்" என்று எழுதி இரண்டு கோடு போடுவது உரிமையாளருக்கு ஆலோசனை ஆகாது. இதே திட்டத்தின் உள்ளார்ந்த ஈட்டு வீதம் (நிகர நிகழ்கால மதிப்பைச் சுழியாக்கும் வீதம்) 15 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. வட்டி ஏறி மூலதனச் செலவு 15 சதவீதமானால் நிகர நிகழ்கால மதிப்பு 11,000 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடும். இவற்றை வைத்துக்கொண்டு, "வாங்கலாம், ஆனால் இயந்திரம் முழு நேரமும் ஓடும் அளவுக்கு ஆர்டர் கையில் இருக்கிறதா என்பதை உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும், இல்லையெனில் ஓராண்டு வெளியே கொடுத்துச் செய்துகொள்வதே மேல்" என்று எழுதினால் அது முடிவு. அந்த முடிவுக்குத்தான் மதிப்பெண்.

வரியையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர் நூற்றில் சிலரே. வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில், அதாவது ஆண்டுதோறும் மிஞ்சியிருக்கும் மதிப்பின் மீது, 15 சதவீதம் தேய்மானம் உண்டு. எனவே முதல் ஆண்டுத் தேய்மானம் 3 லட்சம். வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6 லட்சம் மிச்சத்தில் தேய்மானம் போக மீதி 3 லட்சத்துக்கு 75,000 ரூபாய் வரி. கையில் நிற்பது 5.25 லட்சம். தேய்மானம் என்பது யாருக்கும் கொடுக்கும் பணம் அல்ல, ஆனால் வரியைக் குறைப்பதன் மூலம் பணமாகிறது என்பதை மாணவர்கள் இந்த இடத்தில்தான் உண்மையாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் தேய்மானம் குறைந்துகொண்டே வருவதால் கையில் நிற்கும் தொகையும் குறையும். ஐந்தாண்டுக்கும் இப்படியே போட்டுப் பாருங்கள்: 12 சதவீதத்தில் நிகர நிகழ்கால மதிப்பு ஏறத்தாழ 1.7 லட்சம் ரூபாய் நட்டம் என்று வரும். வரிக்கு முன் வாங்கலாம் என்ற அதே இயந்திரம் வரிக்குப் பின் வேண்டாம் என்றாகிறது. அந்த 12 சதவீதம் வரிக்கு முந்தையதா பிந்தையதா என்பதைக் கேள்வி சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால், திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

கணக்குப்பதிவியலைப் பற்றி: பற்று, வரவு விதிகளை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். இருப்புநிலைக் குறிப்பு, இலாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெப்ப இயக்கவியலில் ஒரு கட்டுப்பாட்டுக் கன அளவை வரைந்து, உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளே தங்கியது என்று எழுதுவீர்களே, அதே வேலைதான் இங்கும். ஆண்டின் தொடக்க நிலையும் முடிவு நிலையும் இருப்புநிலைக் குறிப்பில் இருக்கின்றன. இடையில் நடந்ததை மற்ற இரண்டும் சொல்கின்றன. ஒரு சிறு நிறுவனத்துக்குப் பத்துப் பதினைந்து நடவடிக்கைகளைக் கற்பனையாக எழுதி, மூன்று அறிக்கைகளையும் கையால் தயாரித்து, அவை ஒன்றோடொன்று பொருந்தும் வரை விடாதீர்கள். விரிதாளில் செய்தால் பொருந்தாத இடத்தைச் சூத்திரம் மறைத்துவிடும்.

பதில்: பீனியா பட்டறை

தம்பி, மேலே ஆசிரியர் எழுதியதை ஒரு பட்டறைக்காரன் என்ற முறையில் ஆமோதிக்கிறேன். ஆனால் அவர் இலாபத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்குக் கையிருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் புத்தகத்தில் "நடைமுறை மூலதனம்" என்று, அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும்; மாணவர்கள் அதைக் கடைசியில் புரட்டுவார்கள். எங்கள் பீனியா தொழிற்பேட்டையில் மூடிக்கிடக்கும் பல ஷட்டர்களுக்குக் காரணம் அந்த அத்தியாயம்தான்.

எங்களைப் போன்ற ஒரு பட்டறையின் கணக்கை முழுவதுமாகச் சொல்கிறேன். 10 லட்சம் ரூபாய்க்கு ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சாப் பொருள் 6 லட்சம், கூலியும் மின்சாரமும் 2 லட்சம், இலாபம் 2 லட்சம். வகுப்பில் இது இருபது சதவீத இலாபம் தரும் நல்ல ஆர்டர். இனி பணம் நகரும் வழியைப் பாருங்கள். இரும்புக்கடைக்காரர் எங்களைப் போன்றவர்களுக்குக் கடன் தரமாட்டார். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7.08 லட்சம் முன்பணமாகப் போய்விடும். கூலி 2 லட்சம் அந்தந்த வாரமே போகும். பொருளை அனுப்பி 11.8 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டவுடன், அதில் உள்ள 1.8 லட்சம் வரியில் நான் ஏற்கெனவே கட்டிய 1.08 லட்சத்தைக் கழித்துக்கொண்டு, மீதி 72,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் எனக்குக் கொடுத்துவிட்டாரா என்று ஜிஎஸ்டி கேட்பதில்லை. ஆக, ஒரு ரூபாய்கூட உள்ளே வருவதற்கு முன் 9.8 லட்சம் ரூபாய் என் கையிலிருந்து வெளியே போயிருக்கும்.

அந்தப் பணம் திரும்பி வர மூன்று மாதம் ஆனால், வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டி என்றாலும் 29,400 ரூபாய் வட்டி. இரண்டு லட்சம் இலாபம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்குள் அடுத்த ஆர்டர் வந்தால் அதற்குக் கச்சாப் பொருள் வாங்கப் பணம் இருக்காது. ஆர்டர் பெருகப் பெருக மூச்சு முட்டும் நிலை இதுதான்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், உரிய காலத்துக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். ஆனால் எனக்குப் பெரும்பகுதி வேலை தரும் ஒரு வாடிக்கையாளர் நூறு நாள் கழித்துத்தான் கொடுப்பார். அவர் மீது வட்டிக்கு வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் எதிர்ப் பட்டறைக்குப் போகும். சட்டம் இருப்பதும் அதைப் பயன்படுத்த முடியாமல் இருப்பதும் ஒரே விடைக்குள் வர வேண்டிய செய்திகள். உங்கள் தொழில் திட்டத்தில் "வாடிக்கையாளர் எத்தனை நாளில் பணம் தருவார்" என்ற வரி இல்லையென்றால், நான் அதை மேற்கொண்டு படிக்கமாட்டேன்.

பதில்: ஒயிட்ஃபீல்டு

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். நானும் பெங்களூருவில்தான் பொறியியல் படித்தேன். இந்தப் பாடத்துக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை. மற்றப் பாடங்களும் ஆய்வகங்களும் வேலைவாய்ப்புத் தேர்வுகளும் நெருக்கும் ஆறாம் செமஸ்டரில், கடந்த ஐந்து ஆண்டுக் கேள்வித்தாள்களை எடுத்து, ஃபயோலின் பதினான்கு மேலாண்மைக் கோட்பாடுகள், மாஸ்லோவின் தேவைப் படிநிலை, போர்ட்டரின் ஐந்து விசைகள், கூட்டாண்மைக்கும் தனியார் வரையறு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு என்று தலைப்புவாரியாகப் படித்தால் செமஸ்டர் தேர்வில் தாராளமாகத் தேறிவிடலாம். நான் அப்படித்தான் முதல் வகுப்பு வாங்கினேன். புரிந்துகொள்வதை வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: கரும்பலகை

ஒயிட்ஃபீல்டு நண்பர் சொல்வதில் பாதி சரி. நினைவிலிருந்து எழுத வேண்டிய கேள்விகள் வரத்தான் செய்யும். அவற்றுக்குப் பழைய கேள்வித்தாள்களைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. அங்கே தத்துவம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டவர் விட்ட மதிப்பெண்கள் அந்தப் பகுதியில் விட்டவை அல்ல.

மனப்பாடப் பகுதியிலும் பொறியாளருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஃபயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். பிரான்சில் நெருக்கடியில் இருந்த ஒரு நிலக்கரி, உலோக நிறுவனத்தை நிமிர்த்தியவர். அறிவியல்முறை மேலாண்மையின் டெய்லர் இயந்திரப் பொறியாளர். வேலை அட்டவணைக்கான பட்டை வரைபடத்துக்குப் பெயர் தந்த கான்ட்டும் அவ்வாறே. இருவரும் ஒரே எஃகு ஆலையில் வேலை பார்த்தவர்கள். பணிகளின் வரிசையையும் காலத்தையும் திட்டமிடும் பெர்ட் வலையமைப்பு 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. எந்தச் சிக்கலை அவிழ்க்க எந்தக் கருவி வந்தது என்று தெரிந்தால் பதினான்கு கோட்பாடுகளில் பத்தேனும் தானாக நினைவுக்கு வரும். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்ற கோட்பாட்டைச் சுரங்கத்துக்குள் வெடி வைக்கும் இடத்தில் பொருத்திப் பாருங்கள், பிறகு மறக்காது.

பதில்: கோரமங்களா

நான் மின்னணுவியல் பொறியியல் முடித்து, சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மேலாண்மை படித்தவள். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தயாரிப்பு மேலாளராக இருக்கிறேன். தொழில் திட்டம், கேஸ் ஸ்டடி இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் நீர்மட்ட உணரித் திட்டத்தைப் படிக்காமலேயே அதில் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். முதல் பன்னிரண்டு பக்கம் உணரியின் சுற்று வரைபடம், நுண்கட்டுப்படுத்தி, செயலியின் திரைகள். பிறகு ஒரு பத்தியில் சந்தை: "பெங்களூருவின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல், அதில் ஒரு சதவீதம் பேர் வாங்கினாலும்" என்று தொடங்கும் ஒரு கணக்கு. அந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்ப்பீர்கள். இந்த வகைத் திட்டங்களை மதிப்பிடுபவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

மேலிருந்து கீழே வகுக்காமல் கீழிருந்து மேலே எண்ணுங்கள். நீங்கள் இருக்கும் அல்சூரிலிருந்து இந்திராநகர் வரை, ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளுக்கு நேரில் போங்கள். முதலில் பேச வேண்டியது சங்கச் செயலாளரிடம் அன்று, வாட்ச்மேனிடம். தொட்டி நிரம்பி வழியும்போது ஓடிப்போய் மோட்டாரை அணைப்பவர் அவர்தான். இரவு எத்தனை மணிக்கு எழுகிறார், டேங்கர் வந்தால் எப்படி அளந்து வாங்குகிறார், வழிந்தால் யாரிடம் திட்டு வாங்குகிறார் என்று அவர் சொல்வார். அதன் பிறகு செயலாளரிடம் போனால், கைப்பேசிக்கு வரும் செய்தி அவருக்குத் தேவையே இல்லை, டேங்கர்காரர் சொன்ன அளவு தண்ணீரை ஊற்றினாரா என்பதை அளப்பதுதான் தேவை என்று தெரியவரலாம். கருவி அதேதான், விற்கும் பொருள் வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து எழுதிய திட்டத்துக்கும் எழுதாத திட்டத்துக்கும் இடையில் மதிப்பெண் மட்டும் அன்று, தொழிலே மாறிவிடும்.

வாங்கும் முடிவை யார் எடுக்கிறார், எவ்வளவு தொகை வரை செயலாளரே ஒப்புதல் தரலாம், அதற்கு மேல் போனால் பொதுக்குழுவுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். செயலாளரே கையெழுத்திடக்கூடிய தொகைக்குக் கீழே விலை வைப்பதா, அதற்கு மேலே வைத்து ஆண்டுக் கூட்டம் வரை காத்திருப்பதா என்பது விலை நிர்ணயம் பற்றிய உண்மையான விவாதம். நீங்கள் எழுதப்போகும் "உற்பத்திச் செலவுடன் முப்பது சதவீதம்" என்பது விவாதமே அன்று. பழுதானால் எந்த நாளில் யார் வந்து மொட்டை மாடி ஏறுவார் என்பதையும் செலவில் சேருங்கள். மழைக்காலத்தில் நான்கு மாணவர்களும் தேர்வறையில் இருப்பார்கள்.

கேஸ் ஸ்டடிக்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. ரேவா மின்சாரக் கார் பெங்களூருவில் வடிவமைக்கப்பட்டு 2001-இல் விற்பனைக்கு வந்தது. முன்னால் பெரியவர்கள் இருவரும் பின்னால் குழந்தைகள் இருவரும் உட்கார்ந்து போகும் சிறு கார். ஈய அமில மின்கலங்கள். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இங்கே பெரிய அளவில் விற்கவில்லை. அதே கார் ஜி-விஸ் என்ற பெயரில் லண்டனுக்குப் போனது. அங்கே 2003 பிப்ரவரி முதல் நகர மையத்துக்குள் காரில் நுழைபவர்கள் அப்போது நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மின்சாரக் காருக்கு விலக்கு இருந்தது. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 1,250 பவுண்டு மிச்சம். கார் மாறவில்லை, ஓட்டுபவரின் செலவுக் கணக்கு மாறியது. அதனால் அங்கே அதற்கு ஒரு சந்தை உண்டானது. 2010-இல் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இந்தக் கதையைக் கேள்வியாகக் கொடுத்தால், நம் மாணவர்கள் மின்கலத்தின் ஆற்றல் அடர்த்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, வாங்குபவரைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த விகிதத்தை மாற்றினாலே போதும்.

எச்எம்டி, டைட்டன் கைக்கடிகாரக் கதையும் வகுப்புகளில் அடிக்கடி வரும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசனுடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூருவில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டி, குவார்ட்ஸ் தொழில்நுட்பத்தை ஏற்காததால் வீழ்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1980களின் தொடக்கத்திலேயே அவர்களிடம் குவார்ட்ஸ் இருந்தது. ஓசூரில் ஆலை வைத்த டைட்டன், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், கடிகாரத்தைப் பரிசுப் பொருளாகவும் அணியாகவும் சொந்தக் கடைகளில் விற்றது. எளிதாகக் கிடைக்கும் தொழில்நுட்ப விளக்கத்தைக் கண்டால் பொறியாளர்கள் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்: அல்சூர் மாணவன்

அனைவருக்கும் மிக்க நன்றி. வாட்ச்மேனிடம் பேச வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த வாரமே போகிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஓர் உண்மையான நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து இரண்டு பக்கத்தில் அசைன்மென்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையோ முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது, எங்கே தொடங்குவது? இரண்டாவது, தேர்வில் கேள்வியில் தந்த எண்ணைச் சந்தேகித்து நான் வேறு எண் வைத்துக் கணக்கிட்டால், விடை தவறு என்று திருத்துபவர் கழித்துவிட மாட்டாரா?

பதில்: பீனியா பட்டறை

அறிக்கையின் முதல் நூறு பக்கம் படமும் பெருமையும்; தாண்டிவிடுங்கள். நான் கடனுக்குச் சரக்குக் கொடுக்க வேண்டிய நிறுவனம் என்றால் பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதியை, அதாவது தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணத்தை, இலாபத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில ஆண்டுகளாக இலாபம் ஏறி, பணம் ஏறவில்லையென்றால், சரக்கு தேங்குகிறது அல்லது வாடிக்கையாளர் கொடுக்கவில்லை. எது என்பதைக் குறிப்புகள் பகுதியில் தேடினால் கிடைக்கும்.

பதில்: கரும்பலகை

பட்டறை நண்பர் சொன்ன இடத்தில் தொடங்குங்கள். இரண்டு பக்கத்தில் எழுத வேண்டுமென்றால், ஒரே நிறுவனத்தை முழுவதுமாகச் சுருக்காமல் இரண்டு நிறுவனங்களை ஒரே ஒரு வரியில் ஒப்பிடுவது நல்லது. டைட்டனையும் இன்ஃபோசிஸையும் எடுத்து, இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பு என்ற வரியை மட்டும் பாருங்கள். டைட்டனின் வருவாயில் பெரும்பங்கு இப்போது நகையிலிருந்து வருவதால் அங்கே சரக்கிருப்பு சொத்துகளில் மிகப் பெரிய இனமாக நிற்கும். எதிர்ப்புறத்தில் தங்கக் கடன் என்று ஒரு பொறுப்பும் இருக்கும், ஏனெனில் நகைக்கான தங்கத்தின் ஒரு பகுதியை வங்கியிலிருந்து கடனாகப் பெற்றுச் செய்கிறார்கள். இன்ஃபோசிஸில் சரக்கிருப்பு என்று சொல்லத்தக்கது இல்லை. அங்கே பெருஞ்செலவு ஊழியர் சம்பளம். ஆகவே ஒன்றுக்குத் தங்கத்தின் விலையும் மற்றதற்கு ஊழியர் வெளியேறும் வீதமும் ஏன் தலைவலி என்று இரண்டு பக்கம் எழுதலாம். இரண்டு அறிக்கைகளும் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்களை எந்த ஆண்டின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவிடுங்கள். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த அறிக்கையையும் நிறுவனத்தின் தனி அறிக்கையையும் கலக்காதீர்கள், பாதி அசைன்மென்ட்கள் அங்கேதான் சறுக்குகின்றன.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. கேள்வியில் தந்த எண்ணை ஒருபோதும் மாற்றாதீர்கள். முதலில் தந்த எண்களையே வைத்து முழுக் கணக்கையும் செய்து, விடையையும் முடிவையும் எழுதிவிடுங்கள். விடைக்குறிப்பை வைத்துத் திருத்துபவருக்கு வேண்டியது அங்கே கிடைத்துவிடும். அதன் கீழே, தனிப் பத்தியாக, "இந்த முடிவு ஆண்டு மிச்சம் 5.55 லட்சத்துக்குக் கீழே போகாத வரைதான் செல்லும்" என்று இரண்டு மூன்று வரிகள் போதும். கேள்வியில் எண் தரப்படாத இடத்தில் மட்டும் நீங்களே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதைக் கணக்கின் தொடக்கத்திலேயே "இவ்வாறு கருதப்படுகிறது" என்று எழுதி, அதற்கு ஒரு காரணமும் தாருங்கள். பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதினெட்டு நிமிடம் கிடைக்கும் என்றால், கணக்கைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.